பக்கத்து வீட்டுக்காரர் மான்கறி கொடுத்தால்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் நம்மவர்களுக்கு இது எழுதப்படுகிறது. நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் ஒன்பது நாள் பருவம் தொடங்குகிறது. அலுவலகத்தில் பாதி இருக்கைகள் காலியாகும். நெடுஞ்சாலையில் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டவர்களைப் பார்ப்பீர்கள். அந்த நாட்களில் காட்டுப் பக்கம் நடக்கப் போனால் நீங்களும் அந்த நிறத்தில் ஒரு மேற்சட்டை அணியுங்கள். பருவம் முடிந்த சில வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரரோ உடன் வேலை செய்பவரோ வெள்ளைத்தாளில் சுற்றிய உறைந்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார். அது மான்கறி.

நம்மில் பலருக்கு அதை வாங்கத் தயக்கம் இருக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான்கறி என்றாலே குற்றம் என்றுதான் வளர்ந்திருக்கிறோம். இங்கே உரிமம் வாங்கிய வேட்டைக்காரர், பருவத்துக்குள் சுட்டு, முறைப்படி பதிவுசெய்த மானின் இறைச்சியை அன்பளிப்பாகக் கொடுக்கலாம், நீங்களும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காட்டு மானின் இறைச்சியை விற்பது சட்டப்படி தவறு. ஆகவே பணம் கொடுக்க முன்வராதீர்கள். ஒரு டப்பா முறுக்கு கொடுங்கள், மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள். கடைகளில் விற்பது பண்ணையில் வளர்த்த மான். பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருவது. சைவம் சாப்பிடுபவர் என்றால் அதைச் சொல்லி நன்றியோடு மறுத்துவிடலாம். இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வாங்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். முதலாவது, "நோய்ப் பரிசோதனை செய்தீர்களா?" மான்களை மெலியவைத்துக் கொல்லும் மூளைநோய் ஒன்று 2002இல் இந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது. சி.டபிள்யூ.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நோய்க்கூறு அழியாது. மாநில இயற்கை வளத்துறை இலவசமாகப் பரிசோதித்துத் தருவதால் வேட்டைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரண்டாவது, "ஈயக் குண்டா, செம்புக் குண்டா?" ஈயக்குண்டு உடலுக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். ஈயம் என்றால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம். கொத்துக்கறியில் துணுக்குகள் கலந்திருக்க வாய்ப்பு இன்னும் அதிகம்.

இனி சமையல். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் முறையைச் சொல்கிறேன். என் முதல் பொட்டலத்தை ஆட்டுக்கறி என்றே நினைத்து, துண்டுபோட்டு, குக்கரில் நாலு விசில் விட்டேன். நார்நாராக, வறண்டு, மெல்ல முடியாமல் வந்தது. என் மகள் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடவில்லை. மானின் சதையில் கொழுப்பு மிகக் குறைவு என்பதும், அந்தப் பொட்டலத்தில் இருந்தது மிக மென்மையான பகுதி என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். "பேக்ஸ்ட்ராப்" என்றால் முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் சதை. "ரவுண்ட் ஸ்டேக்" என்றால் பின்தொடை. பொரிக்க இவை இரண்டும்தான் ஏற்றவை. "ஸ்டூ மீட்" என்றிருந்தால் அதை நம் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிதானமாக நீண்ட நேரம் வெந்தால் நன்றாக இருக்கும்.

பொட்டலத்தை முந்தின நாள் இரவே குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வைத்து உருகவிடுங்கள். மேடையில் வைத்து உருக்க வேண்டாம். பிரித்தால் கறி நாவற்பழ நிறத்தில் இருக்கும். மேலே முத்துப்போல் மினுக்கும் ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், அதுதான் எதிரி. கூர்மையான மெல்லிய கத்தியின் முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கத்தியின் வாயைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து நகர்த்தினால் பட்டுநாடாபோல் உரிந்து வரும். விட்டுவைத்தால் எண்ணெயில் அது சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். வெள்ளைக் கொழுப்பையும் ஒன்றுவிடாமல் அரிந்துவிடுங்கள். ஆட்டுக் கொழுப்புக்கு உள்ள சுவை இதற்கு இல்லை, ஆறியதும் மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும். மான்கறி வீச்சமடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கொழுப்பைத்தான் சொல்கிறார்கள்.

நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் லேசாகத் தட்டினால் அரைச் சென்டிமீட்டராகும். ஒரு பவுண்டு கறிக்கு இரண்டு கோப்பை மோர் போதும். கடையில் "பட்டர்மில்க்" என்று விற்பது நம் மோரைவிடக் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும், அதுவே நல்லது. அதில் உப்பு, மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் கலந்து நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். கரம்மசாலாவை அள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. இந்தக் கறிக்கென்று ஒரு சுவை இருக்கிறது, முதல்முறை அதை அறிந்துகொள்ளுங்கள்.

கட்லெட் செய்தவர்களுக்கு அடுத்த வேலை தெரிந்ததுதான். ஒரு தட்டில் மைதா, அடுத்ததில் இரண்டு முட்டை அடித்தது, மூன்றாவதில் ரொட்டித்தூள். இங்குள்ளவர்கள் உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் பயன்படுத்துவார்கள், அதுவும் மொறுமொறுப்பாக வரும். மோரிலிருந்து எடுத்த துண்டை வடியவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் சொட்டினால் மாவு பிடிக்காது, எண்ணெயில் மேல்பூச்சு கழன்று போகும். மைதாவில் புரட்டி உதறி, முட்டையில் முக்கி, தூளில் அழுத்துங்கள். ஒரு கை ஈரத்துக்கு, மறுகை தூளுக்கு. முடித்த துண்டுகளைக் கம்பித்தட்டில் கால் மணி நேரம் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. பூச்சு கறியோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கால் மணி நேரத்தில்தான்.

கனமான இரும்பு வாணலியில் அரை அங்குல உயரத்துக்குக் கடலை எண்ணெயோ கனோலா எண்ணெயோ ஊற்றி 350 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது சுமார் 175 செல்சியஸ் வரை காயவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. ஒரு நேரத்தில் மூன்று நான்கு துண்டுகளுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் ஆறிவிடும். ஒரு பக்கம் இரண்டு நிமிடம், மறுபக்கம் ஒன்றரை நிமிடம். காட்டு இறைச்சி என்பதால் உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டுவது பாதுகாப்பு. இவ்வளவு மெல்லிய துண்டு பொன்னிறமாகும் நேரத்தில் அதை எட்டிவிடும். அதற்குமேல் விட்டால் வறண்டுவிடும்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்குள்ள குடியிருப்புகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் கட்டியவை, அதனால் தீ விஷயத்தில் கவனம் வேண்டும். பொரிக்கத் தொடங்கும் முன்பே அடுப்பின் மேலுள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். வெளியே பனி பெய்தாலும் திறக்கத்தான் வேண்டும். புகை அலாரம் அடிக்கிறது என்று அதைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாணலிக்குப் பொருந்தும் மூடி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அடுப்பை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

பொரித்ததைக் காகிதத்தின் மேல் போடாமல் கம்பித்தட்டில் வையுங்கள், அடிப்பக்கம் நமுத்துப்போகாது. எலுமிச்சை பிழிந்து, வெங்காயம் அரிந்து, ரசம் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். நன்றாக ஆறவிட்டு, பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிக் குப்பையில் போடுங்கள்.