4 டெராபைட் டிஸ்க்கில் பாதி காணவில்லையா?

புதிதாக வாங்கிய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸில் இணைத்ததும் 2 டெராபைட் மட்டும் பயன்பாட்டுக்குக் கிடைத்து, மீதி ஒதுக்கப்படாத இடமாகக் கிடந்தால், பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் அது, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய முறையான எம்பிஆர் (MBR) முறையில் அமைக்கப்பட்டிருக்கும்.

எம்பிஆர் 1983இல் டாஸ் 2.0 உடன் வந்தது. ஒவ்வொரு பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியின், தொடக்கத்தையும் நீளத்தையும் அது 32 பிட் எண்ணாகக் குறித்து வைக்கிறது. டிஸ்க்கின் சிறிய சேமிப்பு அலகான செக்டார் ஒன்று 512 பைட் என்றால், அந்த எண்ணைக் கொண்டு 2 டெராபைட்டைத் தாண்ட வழியே இல்லை. இந்த விவரங்களை வைக்கும் அட்டவணையிலும் நான்கு பார்ட்டிஷன்களுக்குத்தான் இடம். கூடுதலாக வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை அமைக்க வேண்டும். அந்த எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை அழித்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் போய்விடும், கவனம்!

எம்பிஆருக்குப் பின் வந்த புதிய முறையான ஜிபிடியில் (GPT) இந்தத் தொல்லைகள் இல்லை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன்கள் வரை அமைக்கலாம். அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருப்பதால், முன்பகுதி சிதைந்தாலும் மீட்க வாய்ப்புண்டு. ஜிபிடியை நான் விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

உங்கள் டிஸ்க்கில் எந்த முறை என்று அறிய, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் டிஸ்க்கின் பெயர்மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதியைப் பாருங்கள். காலி டிஸ்க் என்றால் பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு அங்கேயே ஜிபிடிக்கு மாற்றலாம். கோப்புகள் இருந்தால் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் நிறுவிய டிஸ்க்கை அழிக்காமலே மாற்ற, விண்டோஸ் 10, 11இல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. மாற்றிய பிறகு கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அமைப்பில், யுஇஎஃப்ஐ (UEFI) என்ற புதிய தொடக்க முறையைத் தேர்ந்தெடுக்க மறந்தால் விண்டோஸ் தொடங்காது.