இரவுப் புதுப்பிப்பு உங்கள் பாதி வேலையை அழிக்காமல் இருக்க

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் சின்னப் பொதி (மென்பொருள் தொகுப்பு) ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குச்சவெளி வரைக்கும் நீட்டுகிற வேலை பாதியில் நிற்கிறது. பலர் பகிரும் அந்தக் கணினியில் இரவில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, கிட் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக எல்லாப் பொதிகளின் மூலநிரலையும் புதுப்பிக்கிறது. தம்பி தங்கச்சிமாரே, காலையில் உங்கள் வேலை அங்கே இருக்க வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். வெறும் 'கிட் புல்' என்றால், கமிட் செய்யாத, அதாவது கிட்டில் இன்னும் பதிந்துவைக்காத, மாற்றத்தின் மேல் எழுத வேண்டி வந்தால் அது பெரும்பாலும் மறுத்து நின்றுவிடும். 'கிட் ரீசெட் ஹார்ட்' இருந்தால்தான் ஆபத்து: கேட்காமலே அழிக்கும். 'கிட் கிளீன்' சேர்ந்திருந்தால் புதுக் கோப்புகளும் போகும்.

அடுத்து 'கிட் ஸ்விட்ச் -சி குச்சவெளி' என்று தனிக் கிளை (மற்றதைத் தொடாமல் தனியாக ஓடும் வேலைப் பாதை) தொடங்கி, 'கிட் ஆட்', 'கிட் கமிட்' செய்யுங்கள். முடியாத வேலையையும் கமிட் செய்யலாம், தயங்க வேண்டாம். கமிட் ஆனது தொலைந்தாலும் 'கிட் ரீஃப்லாக்' (கிளைகள் எந்தக் கமிட்டிலிருந்து எதற்கு நகர்ந்தன என்ற குறிப்பேடு) மூலம் தேடி எடுக்கலாம். வேறெதிலும் இணையாத பதிவுகளைக்கூட கிட் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். கமிட் ஆகாததற்கு அந்த வழியே இல்லை.

கிளை மட்டும் போதாது. ரீசெட் ஓடும்போது அந்தக் கோப்புறையில் எந்தக் கிளை திறந்திருக்கிறதோ அதுதான் நகரும். அதனால் 'கிட் ஸ்விட்ச் மெயின்' என்று முதன்மைக் கிளைக்குத் திரும்பி வந்து, 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' கட்டளையால் குச்சவெளிக் கிளையை வேறொரு கோப்புறையில் திறந்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் சுற்றிவரும் கோப்புறைகளுக்கு வெளியே அது இருக்கட்டும். இனி உங்கள் வேலை அங்கேதான். என்னைக் கேட்டால், இதுதான் மிக உறுதியான காவல்.

ஸ்கிரிப்டை மாற்றும் அனுமதி இருந்தால் ரீசெட்டை எடுத்துவிட்டு 'கிட் ஃபெட்ச்' போடுங்கள். அது புதியதைக் கொண்டுவந்து வைக்கும், உங்கள் கோப்புகளைத் தொடாது. வசதியான நேரத்தில் 'கிட் மெர்ஜ் ஆரிஜின்/மெயின்' என்று நீங்களே இணைக்கலாம்.

அப்புறம், கிளையை உங்களுக்கென்று உள்ள ரிமோட்டுக்கு (வேறொரு கணினியில் இருக்கும் கிட் களஞ்சியத்துக்கு) புஷ் செய்து அனுப்பிவிடுங்கள். வன்தட்டு பழுதானால் ரீஃப்லாக்கும் அதோடு போய்விடும்.