கல்லூரி முடிவுகளில் மாணவர் பங்கேற்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோரிக்கை நியாயமாக இருந்தும் அது நிறைவேறாமல் போவதற்கு முதற்காரணம், அதை முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் கொண்டுபோவதுதான். 1982-இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தோடு கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பலவும், 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தோடு சேலம், நாமக்கல் பகுதிக் கல்லூரிகள் பலவும் இணைவு பெற்றுள்ளன. இணைவு பெற்ற சாதாரணக் கல்லூரியில் பாடத்திட்டத்தையும் பருவத்தேர்வையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. அங்கே பாடச்சுமையைக் குறைக்கும்படி முதல்வர் அறைமுன் நின்றால், அவர் அனுதாபம் காட்டலாமே தவிர எதையும் மாற்ற முடியாது. தன்னாட்சிக் கல்லூரியில் நிலைமை வேறு. அதற்கென்று பாடத்திட்டக் குழுவும், கல்விக் குழுவும், ஆட்சிக் குழுவும் உண்டு என்பதால், அதே கோரிக்கையைத் துறைத்தலைவர் வழியாகப் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கே கொண்டுபோகலாம். கோவையைச் சுற்றித் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைய இருந்தும், தம் கல்லூரி எந்த வகை என்பதைக்கூட அறியாமல் மூன்றாண்டையும் முடித்துவிடும் மாணவர்கள் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்த தவறு, பதவி கிடைத்ததையே பங்கேற்பு என்று எண்ணுவது. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் அமைக்கும் அகத்தர உறுதி மையத்தில் மாணவருக்கும் முன்னாள் மாணவருக்கும் இடம் உண்டு. அதன் கூட்டக் குறிப்புகளைக் கல்லூரி இணையதளத்தில் வெளியிடுவது வழக்கம். அவற்றில் ஒன்றைத் திறந்து வாசித்துப் பாருங்கள். உறுப்பினர் பட்டியலின் கடைசி வரிகளில் மாணவர் பெயர் இருக்கும், கையொப்பமும் இருக்கலாம். ஆனால் விவாதப் பொருள்களின் கீழ் அந்த மாணவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பிழையை நிர்வாகத்தின் மீது மட்டும் சுமத்திவிட முடியாது. கூட்ட நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டுப் பெறாமல், வகுப்புத் தோழர்களிடம் கருத்துக் கேட்காமல் போய் உட்காரும் பிரதிநிதி தன் சொந்த அபிப்பிராயத்தையே எடுத்துச் செல்கிறார். சத்தியமங்கலத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வருபவரின் சிரமமோ, மாலையில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் திருப்பூர் மாணவரின் சிரமமோ, கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் பிரதிநிதிக்குத் தானாகத் தெரிந்துவிடாது. வகுப்பு நேரம், வருகைப்பதிவு, சிறப்பு வகுப்பு ஆகியவை பற்றிய முடிவுகள் இவர்களைத்தான் முதலில் பாதிக்கின்றன.

நிர்வாகங்கள் செய்யும் தவறும் சிறியதல்ல. நன்றாகப் படிக்கும், எதிர்த்துப் பேசாத ஒருவரை மாணவர் தலைவராக நியமித்துவிட்டுப் பிரதிநிதித்துவம் கொடுத்துவிட்டதாகக் கருதுகிறார்கள். மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. அமைதியான தேர்தலுக்குச் சூழல் இல்லாத இடங்களில் மட்டும் தற்காலிக ஏற்பாடாக நியமன முறையை அனுமதித்த அந்தக் குழு, நியமனத்துக்கு மதிப்பெண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் என்றும் கூறியது. தேர்தல் நடக்கும் இடங்களில் போட்டியிட விரும்புவோர் அந்தக் குழு வகுத்த விதிகளைப் படிக்காமல் இறங்குவதும் உண்டு. குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டிக்கும் அனுமதியில்லை.

எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே குழுவை நாடுவதும் பயன் தராது. பாலியல் தொல்லை பற்றிய புகார்களுக்கு உள்ளகப் புகார் குழு இருக்கிறது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவ உறுப்பினர்கள் அதில் இருக்க வேண்டும் என்றும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஆகவே அவர்களை நியமித்துவிடுவது விதிமீறல். உங்கள் கல்லூரியில் எப்படி நடக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவரின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். கட்டணம், சான்றிதழ், மதிப்பீடு போன்ற குறைகளுக்கு அதே மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழு உண்டு. அது 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவில் நிறைவில்லையென்றால் பல்கலைக்கழகம் நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த வழிகள் எல்லாவற்றையும் வீணாக்கும் தவறு ஒன்று இருக்கிறது: வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது. நம் பக்கத்துப் பிள்ளைகள் மரியாதை பார்ப்பவர்கள். “பார்க்கலாம்” என்று ஒரு வார்த்தை வந்ததும் “சரிங்க சார்” என்று திரும்பிவிடுகிறார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் தனியொருவராக அல்லாமல் வகுப்பாகச் சேர்ந்து, தேதியிட்டு, கோரிக்கையையும் அதற்கான காரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை பெற வேண்டும். பலர் கையொப்பமிட்ட கடிதத்துக்காக ஒருவரை மட்டும் குறிவைப்பது எளிதல்ல. அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ பதில் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.

இளங்கலை மாணவர் மூன்றாண்டில் வெளியேறிவிடுவார். குழுக்களின் முடிவுகளோ சில வேளைகளில் அதைவிட மெதுவாக வருகின்றன. ஆகையால் கடிதப் படிகள், ஒப்புகைகள், கூட்டக் குறிப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, இறுதியாண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே அடுத்த பிரதிநிதியிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.