பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: சி டிரைவ் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள்

பென்னாகரத்திலிருந்து ஒரு அக்கா, பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பைத் தருமபுரிக்கு எடுத்து வந்தார். "இதை ஆன் பண்ணிட்டு உலை வெச்சா சோறே வெந்துடுதுங்க" என்றார். மூன்றாவது படிக்கும் மகளுக்கு அது வேண்டும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ்; பாஸ் அதில் ஓர் இந்திய வகை. அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு லினக்ஸ் போடலாம் என்றோம்.

"போட்டோ எல்லாம் டி டிரைவுலதான் இருக்கு. சி மட்டும்தானே போகும்?"

பெரிய ஆபத்தே இந்த நம்பிக்கைதான். கடையில் விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் அழிப்பார்கள். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று கொடுத்தால் சி, டி, இ மொத்தமும் போய்விடும். அவருடைய டி டிரைவில் கல்யாணப் படங்களும், இப்போது இல்லாத அவர் அப்பாவின் படங்களும் இருந்தன. லேப்டாப்பில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். அவற்றில் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகுதான் நிறுவத் தொடங்கினோம்.

பென்டிரைவில் ஓடும்போதே வைஃபை, ஒலி, டச்பேட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சில பழைய வைஃபை சிப்புகளுக்கு ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் சிறு மென்பொருளை) தனியாகப் போட வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் கொடுத்து அதை இறக்கலாம். கணக்குக்கு, விண்டோஸில் ஓடும் டாலி மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரர்கள் விண்டோஸை உடனே அழிக்க வேண்டாம்.

லினக்ஸில் பழைய பிராசஸர்களுக்கான 32 பிட் பதிப்பும், புதியவற்றுக்கான 64 பிட் பதிப்பும் உண்டு. "2 ஜிபி ரேம்தானே" என்று 32 பிட் பதிப்பைப் போடுவது அடுத்த தவறு. ரேமை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிராசஸரைப் பாருங்கள். அது 64 பிட் என்றால் 64 பிட் பதிப்பையே போடுங்கள். 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016இலேயே நின்றுவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையில் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ரேம் குறைவு என்றால் லினக்ஸின் திரைத் தோற்றத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய டெஸ்க்டாப் போதும்.

சரி, அதன் பிறகும் ஆமை வேகம்தானா? பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி சின்னதாக ஒன்று மாட்டுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அப்புறம், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தால் லினக்ஸைத் திட்டாமல் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, பிரவுசர் எப்படி நம்பும்? கையால் தேதியைத் திருத்தினாலும் அணைத்துவிட்டு ஆன் பண்ணினால் மறுபடி பழைய கதைதான். பல மதர்போர்டுகளில் இருப்பது சிஆர்2032 பேட்டரி. பழையதைக் கழற்றி, கையோடு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.