கூலி வேலைக்குப் போற வீட்ல பொண்ணு மாசமா இருந்தா, நல்ல கவனிப்பு கிடைக்க என்னென்ன பண்ணணும்?

கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எல்லாம் ஃப்ரீ தானே, அப்புறம் ஏன் ஏழை வீட்டுப் பொண்ணுங்க செக்கப்புக்கு லேட்டா வராங்கன்னு நெறைய பேர் கேக்குறாங்க. டாக்டர் ஃப்ரீ தாங்க, ஆனா அன்னைக்குப் போற கூலியை யாரு தருவா? சித்தாள் வேலைக்குப் போற பொண்ணு செக்கப்புக்குப் போனா அவளுக்கும் சம்பளம் கட், துணைக்கு வர்ற மாமியாருக்கும் கட், அதனால அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி அஞ்சாம் மாசம் ஆயிடும், அப்பதான் ரத்தம் ரொம்ப கம்மின்னே தெரிய வரும். அதனால தமிழ்நாட்டுல இருக்குற வசதிய வச்சு முடிஞ்ச அளவு கூலி போகாம எப்படி பாத்துக்கிறதுன்னு சொல்றேன்.

நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சதும் உங்க ஏரியா நர்சம்மாகிட்ட சொல்லிடுங்க. மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லாதன்னு பெரியவங்க சொல்லுவாங்க, சரி, ஊருக்குச் சொல்ல வேணாம், நர்சம்மாவுக்கு மட்டும் தெரியட்டும். 12 வாரத்துக்குள்ள பதிஞ்சுடணும். அப்ப ஒரு 12 இலக்க நம்பர் தருவாங்க, பிக்மி நம்பர்னு சொல்லுவாங்க, பிரைவேட்ல பிரசவம் பாத்தாலும் குழந்தையோட பர்த் சர்டிபிகேட்டுக்கு அத கேப்பாங்க. வேலைக்காக வேற ஊர்ல வந்து தங்கியிருக்கீங்கன்னா சொந்த ஊர் வரைக்கும் போகத் தேவையில்ல, இருக்குற இடத்துலயே பதியலாம், யாராச்சும் முடியாதுன்னா கவர்மெண்ட் சுகாதார உதவி நம்பர் 104க்கு போன் பண்ணிக் கேளுங்க.

அடுத்து, மாசமா இருக்குற பொண்ணுங்களுக்கு கவர்மெண்ட் தர்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை. மொத்தம் 18,000 ரூபா, அதுல 14,000 பணமா பேங்க்ல விழும், 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவாங்க. வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்குற குடும்பம், 19 வயசு ஆகியிருக்கணும், முதல் ரெண்டு பிரசவத்துக்குத் தான். நெறைய பேருக்கு எங்க மாட்டுதுன்னா பேர்ல தாங்க, ஆதார்ல அப்பா இனிஷியல் இருக்கும், பாஸ்புக்ல புருஷன் இனிஷியல் இருக்கும், இல்ல அக்கவுண்ட்டே புருஷன் பேர்ல இருக்கும், பணம் நின்னுடும். முதல் மாசமே பொண்ணு பேர்ல அக்கவுண்ட் போட்டு ஆதார் லிங்க் பண்ணிடுங்க. இன்னொண்ணு, இந்தப் பணத்த நம்பிக் கடன் வாங்காதீங்க, பல பேருக்குக் குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் தான் கையில கிடைக்குது. எனக்கு இதுல ரொம்பவே வருத்தம், சத்தா சாப்பிட வேண்டியது வயித்துல புள்ளை இருக்கும்போது தானே. அதுவரைக்கும் அங்கன்வாடில தர்ற சத்துமாவ விடாம வாங்குங்க, அத வீட்ல எல்லாருக்கும் பங்கு போடாம அந்தப் பொண்ணுக்குன்னு தனியா எடுத்து வைங்க.

செக்கப் நாள் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையத்துல செவ்வாய்க்கிழமை, எதுக்கும் உங்க ஊர்ல கேட்டுக்கோங்க. மேஸ்திரிகிட்ட முந்தின வாரமே சொல்லிட்டா லீவு பிரச்சனை கொஞ்சம் குறையும். சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அதனால பஸ் காசும் மிச்சம். சுகர் டெஸ்ட் அன்னைக்கு மட்டும் அரை நாள் ஒதுக்கி வைங்க, ஏன்னா குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு தான் ரத்தம் எடுப்பாங்க, பாதியில எழுந்து வேலைக்கு ஓடுற பொண்ணுங்க நெறைய, அப்படிப் போனா குடிச்சது வீண், சுகர் இருக்கா இல்லையான்னே தெரியாது.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்த கொஞ்சம் நல்லா கவனிங்க. செக்கப் கார்டுல 'மாத்திரை கொடுக்கப்பட்டது'ன்னு இருக்கும், வீட்ல அரிசி டப்பா பின்னாடி அட்டை அட்டையா அப்படியே கிடக்கும். குமட்டுது, மலம் கருப்பா போகுதுன்னு பயந்து நிறுத்திடுறாங்க. கருப்பா போறது மாத்திரையால தான், பயப்பட ஒண்ணுமில்ல. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டா குமட்டல் கம்மியா இருக்கும். டீ, காபியோட போடவே கூடாது, கால்சியம் மாத்திரையும் அதோட சேத்துப் போடாதீங்க, சத்து உடம்புல சேராது. எலுமிச்சை ஜூஸ் இல்ல நெல்லிக்காய் கூட எடுத்துக்கிட்டா நல்லது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழ இருந்தா ரத்த சோகை, 7க்குக் கீழ போனா ஆபத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரி தான். ஒவ்வொரு தடவையும் நம்பர் எவ்ளோன்னு நீங்களே கேட்டு வாங்குங்க, சும்மா "பரவால்ல"ன்னு சொன்னா விடாதீங்க.

விடாத தலைவலி, கண்ணு மங்குறது, முகம் வீங்குறது, ரத்தப்போக்கு, நீர் உடையறது, குழந்தை அசைவு குறையறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம 108க்கு கூப்பிடுங்க. ஆட்டோக்கு காசு தேடிட்டு இருக்குற நேரத்துல தான் நெறைய உயிர் போகுது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறீங்கன்னா கார்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அந்த ஊரு நர்சம்மாவுக்கும் முன்னாடியே தெரியப்படுத்துங்க. சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாமே கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசம். ஆனா சில இடத்துல வார்டுல வேலை பாக்குறவங்க குழந்தையக் காட்டவே காசு கேப்பாங்க, பையன்னா ஒரு ரேட்டு, பொண்ணுன்னா ஒரு ரேட்டு. குடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. அங்கயே சண்டை போட பயமா இருந்தா பேரு, வார்டு, நேரம் குறிச்சு வச்சுக்கோங்க, டிஸ்சார்ஜ் ஆனதும் 104ல புகார் சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் ஆட்டோ பேச வேணாம், 102 வண்டி ஃப்ரீயா கொண்டு வந்து விடும், டிஸ்சார்ஜ் எழுதுறப்பவே நர்ஸ்கிட்ட வண்டி வேணும்னு சொல்லிடுங்க.