ஆண்ட்ராய்டா, ஐபோனா? கட்சி மாறுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்றெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பழைய போனில் இருப்பதில் எது புதியதற்கு வரும், எது வராது என்பதை மட்டும் கேட்பதில்லை. ஓஎஸ் (போனின் இயங்குதளம்) மாறுகிறது என்றால் முதல் கேள்வியே அதுதான்.

ராமை ராமோடு ஒப்பிடுவது

ராம் என்பது ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் தற்காலிக மெமரி. 8 ஜிபி ராம் உள்ள ஐபோனை 12 ஜிபி ஆண்ட்ராய்டோடு நிறுத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் மெமரியைக் கையாளும் விதமே வேறு.

வாட்ஸ்அப்பை அவசரப்பட்டுத் திறப்பது

இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெட்டியைப் பிரித்ததும் கை நேராக வாட்ஸ்அப்புக்குப் போகிறது. நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு உள்ளே நுழைந்தால் ஒரு சாட்கூட இல்லை. "பேக்கப் தினமும் ராத்திரி ஓடுதே!" என்பார்கள். ஓடியது உண்மைதான். ஆனால் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பை வைப்பது கூகுள் கணக்கில். ஐபோன் வாட்ஸ்அப் தேடுவது ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பான ஐகிளவுடில். ஒன்று வைத்ததை மற்றது எடுக்காது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குச் சாட்டைக் கொண்டுபோக, 2022-இல் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக வழி வந்தது. ஐபோன் புத்தம் புதிதாகவோ, ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். செட்டப்பை முடித்துவிட்டால், திரும்ப ரீசெட்தான்.

இரண்டு போனையும் சார்ஜில் போடுங்கள். ஐபோன் செட்டப்பில் 'ஃப்ரம் ஆண்ட்ராய்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கோட் வரும். அதை ஆண்ட்ராய்டில் உள்ள ஆப்பில் கொடுங்கள். வரும் பட்டியலில் வாட்ஸ்அப்பையும் சேருங்கள். பிறகு ஆண்ட்ராய்டைத் தொடவே கூடாது. இடையில் வேறு ஆப்புக்குத் தாவினாலோ, போன் கால் வந்தாலோ மாற்றம் அறுந்துபோகலாம். இங்கே இன்னொரு பொறியும் உண்டு: ஆண்ட்ராய்டு 'முடிந்தது' என்று சொன்னாலும் ஐபோனில் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அது முழுதாக நிரம்பும் வரை காத்திருங்கள். அதன் பிறகே ஐபோனில் வாட்ஸ்அப்பைப் போட்டு, அதே நம்பரில் நுழைய வேண்டும். நம்பர் மாறினால் சாட் வராது. எல்லாம் சரியாக நடந்தாலும் கால் ஹிஸ்டரி வராது.

எதிர்த் திசையில், அதாவது ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு, கேபிள் வேண்டும். ஐபோன் 14 வரை லைட்னிங்–டைப் சி. 15 முதல் இரு முனையிலும் டைப் சி. புது ஆண்ட்ராய்டின் செட்டப்பிலேயே மாற்றிவிடுங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஐபோனுக்கு மாற்றிய பிறகும் ஆண்ட்ராய்டில் உள்ள பழைய சாட் தானாக அழிவதில்லை. நாமாக அழித்தால்தான் உண்டு. அப்படியிருந்தும் அன்றைக்கே ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, மறுநாள் "சாட்டை எடுக்க முடியுமா?" என்று வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஒரு வாரமாவது பழைய போன் மேசை டிராயரில் கிடக்கட்டும்.

ஐமெசேஜை அணைக்காமல் ஐபோனை விடுவது

ஐமெசேஜ் என்பது ஆப்பிள் கருவிகளுக்கு இடையே செய்தி அனுப்பும் சேவை. ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் ஐபோனிலிருந்து சிம்மை எடுக்கும் முன் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் ஐமெசேஜாகவே போய், உங்கள் ஆண்ட்ராய்டுக்கு வராமல் போகலாம். போனைக் கொடுத்த பிறகு நினைவு வந்தால், ஆப்பிள் தளத்தில் நம்பரைக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம்.

வாட்ச்

ஆப்பிள் வாட்ச்சை ஆண்ட்ராய்டோடு இணைக்க முடியாது. 2021-இல் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 முதலானவை ஐபோனோடு இணையாது. கையில் வாட்ச் இருந்தால் போன் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

அப்டேட் வருடங்களை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது

கூகுளின் பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருட அப்டேட் என்பது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. தள்ளுபடியில் இரண்டு வருடம் கழித்து வாங்கினால் மிச்சம் 5.

காசு கொடுத்த ஆப்கள்

கூடவே வராது.

பூட்டோடு கைமாற்றுவது

ஐபோனில் தொலைந்த போனைத் தேடும் வசதியான 'ஃபைண்ட் மை' அணைக்கப்பட வேண்டும். ஆண்ட்ராய்டில் ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். விட்டுவிட்டால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கலாம்.