பழைய பாய்மரப் படகு இரண்டில் எதை வாங்குவது?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் எங்களுக்கு வேலை அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஓட்டை அடைப்பது, புது ஃபைபர் மேட் ஒட்டுவது, ரெசின் பூசுவது என்று பொழுது போய்விடும். இந்த முறை அப்படி ஒரு நாளில் சித்தப்பா மகன் மார்செயிலிருந்து விடுமுறைக்கு வந்து நின்றான். சித்தப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்தவர், குடும்பம் பிரான்சிலேயே தங்கிவிட்டது. தம்பியின் போனில் இரண்டு பழைய படகுகளின் படம். ஒன்று ஜே 24, இன்னொன்று சாங்கிரியா. விலை ஏறக்குறைய ஒன்றுதான். “ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓடணும், கோடையில் தீவுப் பக்கம் போகணும், முடிஞ்சா படகிலேயே குடியிருக்கணும். எதை வாங்கலாம் அண்ணா?”

நான் ஃபைபர் படகு பழுது பார்ப்பவன். ஆனால் முதலில் ஃபைபரைப் பற்றிக் கேட்கவில்லை. வருஷத்தில் எத்தனை இரவு படகில் தூங்குவாய், உன்னோடு ரேஸுக்கு வர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் படகு பார்க்கப் போகாதீர்கள்.

ஜே 24 அமெரிக்காவின் ராட் ஜான்ஸ்டோன் வரைந்தது. 1977 முதல் 5,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 7.32 மீட்டர், எடை சுமார் 1,400 கிலோ. எல்லா ஜே 24-உம் ஒரே அளவு என்பதால் ரேஸில் ஜெயிப்பது ஓட்டுபவனின் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தபடிதான் அடுப்பு மூட்ட வேண்டும். வார இறுதிக்குச் சரி, ஆறு மாதம் குடியிருந்தால் முதுகு போய்விடும். சாங்கிரியா பிரான்சின் ழனோ கம்பெனிப் படகு, ஃபிலிப் ஆர்லே வரைந்தது. நீளம் 7.6 மீட்டர், எடை சுமார் இரண்டு டன். மெதுவான படகுதான், ஆனால் நல்ல படுக்கையும் சமைக்க இடமும் உண்டு, ஒருவரே சமாளித்து ஓட்டலாம். மார்செயில் மிஸ்ட்ரால் என்று ஒரு வடகாற்று அடிக்கும். நம் வாடையை விடப் பொல்லாதது. அதில் அந்தக் கூடுதல் எடை நிம்மதி தரும்.

சரி, எந்தப் படகானாலும் தட்டிப் பார்க்காமல் காசை நீட்டக்கூடாது. கரையில் கிடந்த ஒரு ஃபைபர் படகுக்குத் தம்பியைக் கூட்டிப்போய், ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான கடையால் வரை சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டச் சொன்னேன். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் ‘பொத்’ என்று சத்தம் செத்துவிடும். அரை மணியில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட்டான்.

ஜே 24-க்கு இது உயிர்நாடி. அதன் உடம்பும் மேல்தளமான டெக்கும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரக்கட்டை வைத்துச் செய்தவை. பாய்க்கயிற்றை இழுக்கும் விஞ்ச், கைப்பிடிக் கம்பி என்று எதை முடுக்கியிருந்தாலும், அந்த போல்ட் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும். சில வருஷம் முன்னால் ஒருவர் டெக்கில் கால் அமுங்குகிறது என்று உல்லாசப் படகு ஒன்றைக் கொண்டுவந்தார். விற்றவர் சின்ன விரிசல் என்றாராம். கையகலம் வெட்டினேன், கறுத்த கூழாக இருந்தது. வெட்ட வெட்ட ஒரு முழம் நீளத்துக்குப் போயிற்று. கையகலம் என்றால் இரண்டு நாள் வேலை. டெக் முழுக்க என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கீல், படகின் அடியில் கனமாக இறங்கி நிற்கும் பாகம், நம் ஆட்கள் ஏரா என்பார்கள். இரண்டு படகுமே கீழே 1.2 மீட்டருக்கு மேல் இறங்கும், அரியாங்குப்பம் முகத்துவார மணல்திட்டில் இரண்டுமே தட்டும். எங்கேயாவது தட்டியிருந்தால் கீல் ஒட்டுகிற இடத்தின் முன்பக்கம் ஒரு கோடு விரிந்து நிற்கும். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு மேலே விரிசல் இருக்கிறதா, போல்டைச் சுற்றித் துரு வழிகிறதா பாருங்கள். சாங்கிரியாவின் கீல் இரும்பு, அதனால் துருவை இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

அடிப்பக்கம் கொப்புளம் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்துங்கள், தண்ணீர் பீய்ச்சும். வினிகர் வாடை வந்தால் ஆஸ்மாசிஸ், ஃபைபருக்குள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து கொப்புளத்துக்குப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஜே 24-இல் ஓட்டுபவர்கள் உட்காரும் காக்பிட்டில் உள்ள லாக்கர் மூடிகள் இறுக்கமாகப் பூட்டுகின்றனவா என்றும் பாருங்கள். படகு காற்றில் சாய்ந்து படுக்கும்போது மூடி திறந்துகொண்டால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

பாய், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் வயர் இரண்டையும் தனியாகக் கணக்குப் போடுங்கள். பத்து வருஷம் தாண்டிய வயரை மாற்றும் செலவை விலையோடு கூட்டித்தான் பேச வேண்டும். புதுப் பாய் ஒரு செட் பழைய படகு விலைக்கே வந்து நிற்கலாம்.

தம்பி விரல் விட்டு எண்ணினான். ரேஸுக்கு உறுதியாக வருபவர்கள் இரண்டு பேர், படகில் தூங்க நினைப்பதோ வருஷம் பூராவும். அவனுக்குச் சாங்கிரியாதான் என்றேன். ரேஸுக்கு ஆள் தேடும் ஜே 24-காரர்கள் அங்கே இருப்பார்கள், அவர்களோடு ஏறிக்கொள்ளலாம். குடியிருக்கத் துறைமுக ஆபீஸ் அனுமதிக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கச் சொன்னேன். அப்புறம், மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விற்பவர் பம்பு போட்டு இறைப்பதற்கு முன்னால், அவனே தரைப்பலகையைத் தூக்கி உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.